கிரிம்கே குடும்ப மரத்தில் எழுதாத கிளை

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய வீட்டின் படம் அனுப்பியிருந்தான். தென் கரோலினா மாநிலம், சார்லஸ்டன் நகரம், ஈஸ்ட் பே தெரு. "சார், கிரிம்கே குடும்பம் இருந்த வீடாம். அக்கா தங்கச்சி ரெண்டு பேர் அடிமை முறையை எதிர்த்தாங்களாமே, தெரியுமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. இங்கேயே போடுகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல். பணியில் இருந்த காலம் முழுக்க வம்சாவளி வரைந்து பாடம் நடத்தியவன் நான். பாபர், ஹுமாயூன், அக்பர் என்று கரும்பலகையில் கோடு கோடாக இறங்கும். பிள்ளைகளும் அப்படியே நோட்டில் எழுதுவார்கள். கோடு போடாமல் விட்டவர்கள் யார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கிரிம்கே குடும்பத்தைப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது.

மரத்தின் உச்சியில் ஜான் ஃபாஷரோ கிரிம்கே. பிறப்பு 1752, இறப்பு 1819. லண்டனில் சட்டம் படித்தவர், அமெரிக்க விடுதலைப் போரில் அதிகாரி, பிறகு நீதிபதி. பண்ணை நிலமும் ஏராளமான அடிமைகளும் உண்டு. மனைவி மேரி ஸ்மித். பிள்ளைகள் 14 பேர். அதில் 1792ல் பிறந்த சாரா, 1805ல் பிறந்த கடைக்குட்டி ஏஞ்சலினா இருவரும்தான் மாணவன் கேட்ட சகோதரிகள். தங்கைக்கு ஞானத்தாயும் அக்காதான்.

சாரா சிறுமியாக இருந்தபோது, தனக்குப் பணிவிடை செய்த அடிமைச் சிறுமிக்கு இரவில் கதவின் சாவித்துளையை மறைத்துவிட்டு, கணப்பு நெருப்பு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதை அந்த மாநிலம் 1740லேயே தடைசெய்திருந்தது. அப்பாவோ நீதிபதி! பிடிபட்டதும் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு வாத்தியாராக எனக்கு அந்தச் சாவித்துளை மறக்கவே மறக்காது.

இருவரும் பின்னால் வடக்கே போய்விட்டார்கள். 1836ல் ஏஞ்சலினா தெற்குப் பெண்களுக்கு எழுதிய அறிக்கையைச் சார்லஸ்டனில் கொளுத்தினார்கள். ஊருக்குத் திரும்பி வராதே என்றும் சொல்லி அனுப்பினார்கள். இதெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது இவர்களுடைய சகோதரன் ஹென்றியின் கதை.

ஹென்றி வழக்கறிஞர், பண்ணையார். மனைவி இறந்த பிறகு தன் அடிமையான நான்சி வெஸ்டன் மூலம் அவருக்கு மூன்று மகன்கள். ஆர்ச்சிபால்ட் 1849லும் பிரான்சிஸ் 1850லும் பிறந்தார்கள். மூன்றாமவன் ஜான் பிறப்பதற்குள் ஹென்றி இறந்துவிட்டார். அது 1852.

இங்கேதான் சட்டத்தின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வழக்கப்படி பிள்ளைக்கு அப்பாவின் நிலைதான். வர்ஜீனியாவில் 1662ல் அதைத் திருப்பிப் போட்டார்கள்: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தென் கரோலினாவும் தன் சட்டத்தில் அதையே எழுதிவைத்தது. பசு யாருடையதோ கன்றும் அவருடையது என்கிற கணக்கு. ஆக, சொத்துக்கும் குடும்பப் பெயருக்கும் அப்பா வழி. அடிமைத்தனத்துக்கு அம்மா வழி. ஒரே ஆளின் பிள்ளைகளில் ஒருவன் வாரிசு, மற்றவர்கள் சொத்து. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப்பட்டியல் உண்டு. உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம். பெயர் கிடையாது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர் தங்கள் முன்னோரைத் தேடிப்போனால் 1870 கணக்கெடுப்பில் வந்து சுவரில் முட்டுவதுபோல் நிற்பது இதனால்தான்.

ஹென்றி தன் உயிலில் நான்சியையும் பிள்ளைகளையும் முதல் மனைவியின் மகன் மாண்டேகுவுக்கு எழுதிவைத்தார். கூடவே, இவர்களைக் குடும்பத்தார் போல நடத்த வேண்டும் என்று ஒரு விருப்பமும். அவர் மேல் பரிதாபப்படுவோர் உண்டு. 1820க்குப் பிறகு சட்டமன்றம் அனுமதித்தால்தான் அடிமையை விடுவிக்க முடியும் என்பது உண்மை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வடக்கே உடன்பிறந்த சகோதரிகள் இருவர் இருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கலாமே? அடிமையை அடித்ததற்காக இதே ஹென்றியை ஏஞ்சலினா இளவயதில் கண்டித்தும் இருக்கிறார்.

சில வருடம் நான்சி சார்லஸ்டனில் ஒரு சிறு வீட்டில் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார், படிக்கவும் அனுப்பினார். 1860 வாக்கில் மாண்டேகு வந்து பையன்களைத் தன் வீட்டு வேலைக்குக் கேட்டான். சொந்த அண்ணன்! ஆர்ச்சிபால்ட் தப்பி, உள்நாட்டுப் போர் முடியும்வரை இரண்டு வருடம் ஒளிந்து வாழ்ந்தார். பிரான்சிஸும் ஓடிப்போய்த் தெற்குப் படை அதிகாரி ஒருவரிடம் வேலைக்காரனாக இருந்தார். பிடிபட்டுச் சிறையில் கிடந்து நோய்வாய்ப்பட்டார். கடைசியில் மாண்டேகு அவரை இன்னொரு அதிகாரிக்கு விற்றுவிட்டான். தம்பியை அண்ணன் விற்ற வரி எந்த வம்சாவளியில் வரும்?

போருக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும் பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். 1868 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையில் அந்தப் பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையை ஏஞ்சலினா படிக்கிறார். சிறந்த மாணவர்களில் ஒரு கிரிம்கே! அபூர்வமான பெயர். என் அண்ணன்களில் யாருடைய அடிமையாகவாவது இருந்தாயா என்று கேட்டு எழுதினார். நான் உங்கள் அண்ணன் ஹென்றியின் மகன் என்று ஆர்ச்சிபால்டிடமிருந்து பதில் வந்தது. அதுவரை அவருக்கு இது தெரியாது. அப்போது ஏஞ்சலினாவுக்கு 63 வயது, சாராவுக்கு 75. படித்து உடம்புக்கே முடியாமல் போனாலும், தேறியதும் மகனைக் கூட்டிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனார். எல்லார் முன்னிலையிலும் இவர்கள் என் அண்ணன் பிள்ளைகள் என்று ஏற்றார். படிப்புக்குப் பணமும் கொடுத்தார்கள், சகோதரிகள் வசதியாக இல்லாதபோதும்.

ஆர்ச்சிபால்ட் ஹார்வர்டில் சட்டம் முடித்தது 1874ல். பின்னால் டொமினிகன் குடியரசில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்தார். பிரான்சிஸ் பிரின்ஸ்டனில் இறையியல் படித்து வாஷிங்டனில் போதகரானார்.

ஏஞ்சலினா அத்தை 1879ல் இறந்தார். அடுத்த வருடம் ஆர்ச்சிபால்டுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு வைத்த பெயர் ஏஞ்சலினா வெல்டு கிரிம்கே. வெல்டு என்பது அத்தையின் புகுந்த வீட்டுப் பெயர்; அதையும் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தப் பெண் எழுதிய 'ரேச்சல்' நாடகம் 1916ல் மேடையேறியது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மாணவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: அந்த வீட்டின் வாசலில் இருக்கும் பலகையில் நான்சியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி. பதில் வந்தால் கமெண்டில் போடுகிறேன்.