தீவுகளில் நிகோட்டினும் ஆயுள் காப்பீடும்

மின்சிகரெட் இழுப்பவரை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் புகைபிடிப்பவர் வரிசையில்தான் சேர்க்கின்றன. அவர் விடுவது புகையல்ல, ஆவி என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை. சிறுநீரில் நிகோட்டினின் எச்சமான கோட்டினின் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் இன்னொரு விலை. இந்த விதி அந்தமான் நிக்கோபார் தீவுகளை எட்டியது மிக அண்மையில். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நிகோட்டின் அங்கே அன்பளிப்பாகவும் கூலியாகவும் கள்ளப் பணமாகவும் புழங்கி வந்தது.

புகையிலை தீவுகளின் மண்ணில் தோன்றியதல்ல. நிக்கோபாரிகள் அதைக் கடல் வணிகர்களிடமிருந்து முன்னரே அறிந்திருந்தார்கள். பர்மியர், மலாய்க்காரர், சீனர், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர் எனப் பலரும் அங்கே தேங்காய்க்காகக் கப்பல் நிறுத்தினார்கள். துணி, கத்தி, வெள்ளிப் பொருள்களோடு புகையிலையும் இறங்கியது. விலை தேங்காயில் பேசப்பட்டது, அதுவும் இரண்டிரண்டாக, சோடிக் கணக்கில். 1750-களின் நடுவில் தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர்கள் நிக்கோபாரில் குடியேற்றம் அமைக்க முயன்று, காய்ச்சலுக்கு ஆளிழந்து, மீண்டும் மீண்டும் பின்வாங்கினார்கள். வணிகர்களின் பண்டமாற்று மட்டும் அவர்களுக்கு முன்னும் பின்னும் நிற்கவில்லை.

அந்தமான் கதை வேறு. 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது பெரிய அந்தமானியருக்குப் புகைக்கும் வழக்கமே இல்லை. 1863-இல் ராஸ் தீவில் பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ திறக்கப்பட்டது. காட்டுவாசிகளை அழைத்து வந்து தங்கவைத்துப் பழக்குவதே நோக்கம். வருபவருக்குச் சோறும் துணியும் கொடுத்தார்கள், கூடவே புகையிலையும். துணியைக் காட்டுக்குள் போனதும் கழற்றிப் போட்டுவிடலாம், புகையிலை அப்படிப்பட்டதல்ல. ஒருமுறை பழகியவர் அதைத் தேடித் திரும்பி வந்தாக வேண்டும். ஆட்சிக்கு அது வசதியாக இருந்தது. தூது சென்றவருக்கும், வழி காட்டியவருக்கும், தப்பியோடிய கைதியைப் பிடித்து வந்தவருக்கும் பரிசாகப் போனதில் புகையிலை முக்கியமானது. அந்தமானியரோடு நெருங்கிப் பழகி அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய அதிகாரி இ. எச். மேன், ஆண் பெண் இரு பாலரும் அளவின்றிப் புகைக்கத் தொடங்கியதை அவர்களின் உடல்நலத்துக்கு நேர்ந்த கேடுகளில் ஒன்றாகவே கருதினார்.

சுங்கான் இல்லாத மக்கள் கையில் கிடைத்ததைச் சுங்கானாக்கினார்கள். நண்டின் பெரிய கொடுக்கு அதற்கு வாகாக அமைந்தது. உள்ளே கூடு, ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். சதையை எடுத்துவிட்டு நுனியில் துளையிட்டு, அகன்ற பக்கத்தில் புகையிலையைத் திணித்துத் தணல் வைத்தால் போதும். சிறிய அந்தமானின் ஓங்கே மக்களிடமும் இந்தக் கொடுக்குச் சுங்கான் இருந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்தால் அது தொன்று தொட்டு வந்த பொருளைப் போலத் தோன்றும். உண்மையில் அந்தமானியர் அதைச் செய்யத் தொடங்கி ஓரிரு தலைமுறைக்குள்ளேயே அவர்களில் பெரும்பாலோர் மறைந்துபோனார்கள். 1858-இல் பல ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-இல் 19 பேர். அவர்களை அழித்தவை மேகநோயும், 1877-இல் பரவிய தட்டம்மையும், காய்ச்சலும்தான். புகையிலையை அந்தப் பட்டியலின் தலையில் வைக்க முடியாது. ஆனால் அந்த நோய்கள் பரவிய இல்லங்களுக்கு அவர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்ததில் அதற்குப் பங்குண்டு.

1906-இல் போர்ட் பிளேரில் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் இதே இலை பணமாயிற்று. கைதிகளுக்குப் புகையிலை கூடாது என்பது விதி. விதி இருந்ததாலேயே அதற்கு மதிப்பு கூடியது. செக்கு இழுக்கும் வேலையிலிருந்து ஒரு நாள் தப்பவும், ஒரு செய்தியை அடுத்த கட்டடத்துக்குக் கடத்தவும் ஒரு சிட்டிகை புகையிலை கைமாறியதை அங்கிருந்து மீண்டவர்களின் நினைவுக் குறிப்புகளில் காணலாம். உலர்ந்த புகையிலையைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் கசக்கி உதட்டுக்குள் அடக்கும் பழக்கம் தீவுகளில் ‘சுக்கா’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

அதே காலத்தில் ஆயுள் காப்பீடு என்ன செய்துகொண்டிருந்தது? 1818-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் நிறுவனமும், 1829-இல் சென்னை மாகாணத்தில் காப்பீடு எழுதத் தொடங்கிய மெட்ராஸ் ஈக்விடபிளும் முதலில் ஐரோப்பியரின் உயிரைத்தான் எழுதின. இந்தியர் உயிரென்றால் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். இந்தியரையும் சாதாரண விகிதத்தில் சேர்த்துக்கொண்ட பெருமை 1870-இல் தோன்றிய பாம்பே மியூச்சுவலுக்கு உரியது. அன்றைய காப்பீட்டாளர் அஞ்சியவை வெப்ப மண்டலத் தட்பவெப்பம், காலரா, மது. பழக்கத்தைப் பார்த்து விலை வைப்பது அவர்களுக்குப் புதிதல்ல. 1840-இல் இங்கிலாந்தில் மதுவிலக்காளர்களுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனம் தோன்றி, குடிக்காதவர் கூடுதல் நாள் வாழ்வதைத் தன் கணக்குகளால் காட்டியது. 1893-இல் அமைந்த அபின் ஆணையத்தின் முன், அளவாக அபின் உண்பவரிடம் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் வாங்குவதில்லை என்று சாட்சியம் சொல்லப்பட்டது. குடியைப் பற்றியும் அபினைப் பற்றியும் இவ்வளவு பேசிய காலம் புகையிலையைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த நிலை மாற 1950-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்களின் கட்டுரைகள் சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்தன. 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வந்தது. அதே ஆண்டு ஸ்டேட் மியூச்சுவல் என்ற அமெரிக்க நிறுவனம் சிகரெட் பிடிக்காதவருக்குக் குறைந்த விலையில் பாலிசி விற்கத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் தன் பாலிசிதாரர்களின் இறப்புக் கணக்கை வெளியிட்டபோது, புகைப்பவரின் இறப்பு விகிதம் புகைக்காதவரினதைப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது. காப்பீட்டுக் கணக்கர்கள் நம்புவது இத்தகைய எண்களைத்தான்.

இந்தியாவில் 1956 செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பிரதேசமானதும், அங்குள்ள பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். எல்.ஐ.சி.யின் 300-ஆம் எண் முன்மொழிவுப் படிவம் மது, போதைப் பொருள்களோடு ‘எந்த வடிவிலேனும் புகையிலை’ உண்டா என்றும் கேட்டது. பதில் ‘ஆம்’ என்றிருந்தால் மருத்துவர் உடலைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார், தேவைப்பட்டால் பிரீமியம் ஏறும். ஆனால் புகையிலைக்கென்று தனி விலைப்பட்டியல் கிடையாது. இறப்பு அட்டவணையும் புகைப்பவர், மெல்பவர், தொடாதவர் எல்லாரையும் கலந்து போட்டது. ஒரே வயது, உடலில் கோளாறு இல்லை என்றால், நாள் முழுதும் சுக்கா அடக்கும் கார் நிக்கோபார்க்காரரும், வெற்றிலைகூடப் போடாத போர்ட் பிளேர் அபர்தீன் பஜார் கடைக்காரரும் ஒரே தொகையைக் கட்டினார்கள். சேமிப்பு கலந்த எண்டோமென்ட் பாலிசிகளே ஓடிய காலம் அது. அவற்றில் இறப்புக்கான பங்கு சிறியது என்பதால் இந்த வேறுபாடு யாருக்கும் உறைக்கவும் இல்லை.

இறப்புக்கு மட்டுமே பணம் தரும் டெர்ம் பாலிசி பரவியதும் கணக்கு மாறியது. 2000-க்குப் பின் வந்த தனியார் நிறுவனங்கள் புகைப்பவர், புகைக்காதவர் என்று இரண்டு விலை வைத்தன. எல்.ஐ.சி. 2014-இல் கொண்டுவந்த இ-டெர்ம் திட்டத்தில் புகைக்காதவருக்குத் தனி விகிதம் தந்தது. 2019 செப்டம்பரில் வந்த டெக்-டெர்ம் அதை இன்னும் இறுக்கியது. சிறுநீர்க் கோட்டினின் சோதனையில் தேறியவருக்கே புகைக்காதவர் விலை, மற்ற எல்லாருக்கும் புகைப்பவர் விலை. சொல்லை நம்பிய காலம் போய்ச் சோதனைக் கீற்றை நம்பும் காலம் வந்தது.

நிகோட்டின் உடலில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் கோட்டினின் அப்படியல்ல, பாதியாகக் குறையவே பதினாறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சிறுநீரில் சில நாள் தங்கும். பரிசோதனைக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் பிடித்த சிறுநீரில் சில துளிகளைக் கீற்றின் மேல் விடுகிறார்கள். இரண்டு கோடு தெரிந்தால் நிகோட்டின் இல்லை, ஒரு கோடு மட்டும் தெரிந்தால் உண்டு. பீடியா, சுக்காவா, மின்சிகரெட்டா, புகைப்பழக்கத்தை விடுவதற்காக மெல்லும் நிகோட்டின் சூயிங்கமா என்று அந்தக் கீற்றால் பிரித்துச் சொல்ல முடியாது.

தீவுகளில் இதன் விளைவு விசித்திரமானது. வாழ்நாளில் தீக்குச்சி கிழித்துப் பீடி பற்ற வைக்காத பெண்மணியும் வெற்றிலையோடு புகையிலை போட்டால் ‘புகைப்பவர்’ ஆகிவிடுகிறார். புகையிலை சேர்க்காமல் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் மட்டும் நாள் முழுதும் மெல்பவர் சோதனையில் தேறிவிடுகிறார். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் வாய்ப்புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. கீற்று அளப்பது நிகோட்டினை, கேட்டை அல்ல. வாய்ப் பழக்கம் இவ்வளவு வேரோடியிருக்கும் ஒரு நிலப்பகுதியில் இது சிறிய குறையல்ல.

மின்சிகரெட் இந்த ஏற்பாட்டுக்குள் கடைசியாக நுழைந்தது. சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய கருவி அது. நிகோட்டின் கலந்த திரவத்தைச் சிறு கம்பிச்சுருள் சூடாக்கி ஆவியாக்கும், எரிவது எதுவும் இல்லை. 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைவிட இதில் கேடு 95 விழுக்காடு குறைவு என்ற மதிப்பீட்டை ஏற்றது. வெளிநாட்டுக் காப்பீட்டாளர் சிலர் ஆவி இழுப்பவருக்கு விலையில் சலுகை தரவும் செய்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் ஆவி இழுத்தவர்களிடம் கடும் நுரையீரல் நோய் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் காரணம், நிகோட்டின் அல்ல என்று பின்னர் தெரிந்தது. அதற்குள் காப்பீட்டாளர்களின் கை இறுகிவிட்டது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சிகரெட்டின் இறப்புக் கணக்கு பல பத்தாண்டுகள் திரண்டது. ஆவிக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் திரளவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் அவர்கள் கூடுதல் விலையையே எழுதுவார்கள்.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2018-இல் தமிழ்நாடு மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அரசின் அவசரச் சட்டம் நாடு முழுவதும் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தையும் தடுத்தது. டெக்-டெர்ம் வந்த அதே மாதம். டிசம்பரில் அது முழுச் சட்டமாயிற்று. விற்பனை, விளம்பரம் போன்றவற்றில் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இழுப்பதைக் குற்றமென்று சட்டம் தனியே சொல்லவில்லை. ஆனாலும் தடை செய்யப்பட்ட பொருளைப் படிவத்தில் எழுதித் தர எவரும் தயங்குவார். கீற்றில் ஒற்றைக் கோடு வந்தபின் அந்தத் தயக்கத்தால் பயன் ஒன்றுமில்லை, பொய் சொன்னதற்கான சாட்சியாக மட்டுமே அது நிற்கும். சோதனைக்கு முன் சில நாள் நிறுத்திவைத்துத் தேறுபவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால், உண்மையை மறைத்ததாக நிறுவனம் காட்டிக் க்ளெய்மை மறுக்கலாம். மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது. 2015-க்கு முன் அந்த வரம்பு இரண்டு ஆண்டு, ஆனால் மோசடிக்கு விலக்கு இருந்தது.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தீவுகளின் ஆண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினரும் பெண்களில் 31 விழுக்காட்டினரும் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அந்த எண்கள் 20, 5. கோட்டினின் சோதனை கேட்கும் பாலிசியை இவர்களில் பெரும்பாலோர் வாங்குவதில்லை. அரசு ஊழியருக்குக் குழுக் காப்பீடும் அஞ்சல் ஆயுள் காப்பீடும் உண்டு. மற்றவருக்கு 2015-இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், இப்போது ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் தருகிறது. சுக்கா போடுபவருக்கும் போடாதவருக்கும் அங்கே ஒரே தொகைதான். பழைய கலப்புக் கணக்கு இத்தகைய பாலிசிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

டெர்ம் பாலிசி எடுத்தவருக்கு விலை முடிவாவது பொறுப்பு ஏற்கப்படும் நாளில். அதன் பிறகு ஒருவர் மின்சிகரெட் பழகினால் பிரீமியம் ஏறாது. உண்மையைச் சொல்லிப் புகைப்பவர் விலை கட்டிவருபவர் ஆவி இழுத்தே இறந்தாலும் தொகை வரும். முதல் ஆண்டில் நேரும் தற்கொலைக்கு மட்டுமே விலக்கு. பழக்கத்தை விட்டவர் அதனால் தன் பழைய பாலிசியின் விலை தானாகக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. பொதுவாக ஓராண்டு நிகோட்டின் தொடாமல் இருந்த பிறகு, கூடிவிட்ட வயதுக்குரிய விலையில், புதிய முன்மொழிவு ஒன்றை எழுதித் தந்து மீண்டும் அந்தக் குப்பியை வாங்கிக்கொள்ள வேண்டும்.