பழவேற்காடு ஃபிளமிங்கோ போட்டோ: ஒரு படம் பறவையைக் காப்பாற்றுமா, விரட்டுமா?

சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்றாலே கன்டெய்னர் லாரியும் சிப்காட் கம்பெனி பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலம் வந்தால் பூநாரைகள், அதாவது ஃபிளமிங்கோக்கள், ஆயிரக்கணக்கில் இறங்கும். கூடவே கேமராவும் செல்போனுமாக ஆட்களும் வருவாங்க.

இந்தப் போட்டோக்களால் பறவைக்கு ஏதாவது லாபம் உண்டா?

ஒரு வீடியோ என்ன செய்தது?

உண்டு. 2012 அக்டோபரில் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் நடந்ததைப் பார்க்கலாம். சைபீரியா, வடசீனா பக்கமிருந்து தென்னாப்பிரிக்கா வரை பறக்கும் அமூர் வல்லூறுகள், வழியில் டோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் தங்கும். அங்கே அவற்றை வலை கட்டிப் பிடித்து இறைச்சிக்கு விற்றார்கள். 'கன்சர்வேஷன் இந்தியா' குழுவைச் சேர்ந்த ராம்கி ஸ்ரீனிவாசன், ஷஷாங்க் தால்வி, நாகாலாந்து பத்திரிகையாளர் பானோ ஹராலு உள்ளிட்டோர் அதைப் படமாகவும் வீடியோவாகவும் பதிவு செய்தாங்க. உச்ச நாட்களில் தினமும் 12,000 முதல் 14,000 பறவைகள் கொல்லப்படலாம் என்பது அவர்களின் கணக்கு.

வீடியோ வெளியானதும் உலகம் முழுக்க அதிர்ச்சி. ஆனால் படம் மட்டுமே வேலையை முடித்துவிடவில்லை. பாங்டி உள்ளிட்ட கிராம சபைகள், தேவாலயங்கள், வனத்துறை எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். பறவையை விற்று வந்த காசு மீனவக் குடும்பங்களின் வருமானம் என்பதால் அது சுலபமான பேச்சு இல்லை. அடுத்த வருஷம், 2013-ல், அங்கே ஒரு வல்லூறுகூட வலையில் விழவில்லை. அந்த நவம்பரில் 3 பறவைகளுக்கு சாட்டிலைட் கருவி பொருத்தி 'நாகா', 'வோக்கா', 'பாங்டி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வீடியோவில் அழகு எதுவும் கிடையாது. வலையில் தொங்கும் பறவைகளும், எந்த இடம், எந்த மாசம் என்ற விவரமும்தான் இருந்தது.

நம்ம கரையில்?

2025 ஜனவரியில் சென்னை கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கினதை மறந்திருக்க முடியாது. ஆயிரத்துக்கும் மேல். வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்ணுமாகக் கிடந்த படங்கள் செய்திகளில் பரவின. வலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர முடியாமல் போனதற்கான அறிகுறி அது. செய்திகளைப் பார்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாகவே வழக்கை எடுத்தது. ஆமைகள் முட்டையிடும் காலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக்கூடாது என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. அது பேசுபொருளானது படங்கள் வந்த பிறகுதான்.

அப்போ சிக்கல் எங்கே?

பூநாரை நிற்கும்போது வெளிர் ரோஜா நிறம். சிறகை விரித்தால்தான் அந்தச் சிவப்பும் கறுப்பும் தெரியும். அந்த ஒரு 'ஷாட்'டுக்காக படகைக் கூட்டத்துக்குள் விடுறதும், கையைத் தட்டி எழுப்புறதும் நடக்குது. தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டி, சின்னச் சின்ன உயிரிகளைத் தின்று வாழும் பறவை அது. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் மேயும் நேரம் போகும், சேர்த்த சக்தியும் வீணாகும். அந்தப் படத்துக்கு ஆயிரம் லைக் விழலாம். பறவைக்கு அதில் நஷ்டம் மட்டும்தான்.

ஏரியில் மட்டும் இல்லை. புதுவாயல் சுற்றுவட்டார வயல்வெளிகளில் ஆட்காட்டி வெறும் தரையில்தான் முட்டையிடும். ஆள் நெருங்கினால் தாய் கத்திக்கொண்டு எழுந்துவிடும். குளோசப் கிடைக்கும்வரை நாம் அங்கேயே நின்றால், முட்டை வெயிலில் வேகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் போட்டோ எடுக்கப் போக அனுமதி தருவது தலைமை வன உயிரினக் காப்பாளர். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்தால், அதே சட்டத்தில் அது 'வேட்டை' என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடும். பலருக்கும் இது தெரியாது.

செல்போனில் எடுத்த படத்தை வைத்து என்ன செய்யலாம்?

தேதியும் இடமும் சேர்த்து இ-பேர்டு தளத்தில் ஏற்றலாம். எந்தப் பறவை எங்கே, எப்போது வந்தது என்ற பதிவாக ஆய்வாளர்களுக்கு அது உதவும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பெரிய லென்ஸ் தேவையில்லை. கூடு இருக்கும் படமாக இருந்தால் மட்டும், சோஷியல் மீடியாவில் போடுவதற்கு முன் லொகேஷனை எடுத்துவிட வேண்டும். செத்த பறவை, அறுந்த வலை, ஏரியில் கலக்கும் கழிவுநீர் என்றால் நேர்மாறு: இடம், நேரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்து வனத்துறைக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ அனுப்பலாம்.