கடற்புல் காத்த வரலாறு

பண்டை வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவுக்கு வரும். கடலடியில் வளரும் புல்லும் வரலாற்றைப் பொறித்து வைத்திருக்கின்றது.

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்குக் கரையிலுள்ள போர்ட்லிகாட் குடாவிலே, பொசிடோனியா என்னும் கடற்புல்லின் மடிந்த வேர்களும் தண்டுகளும் மண்ணோடு பிணைந்து அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. 2011 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று அவ்வடுக்குகளில் ஏறத்தாழ 4470 ஆண்டுக் கதையைக் கண்டது. சுமார் 2800 ஆண்டுகளுக்கு முன்னரே உலோக மாசு தொடங்கிற்று. கிரேக்கர், உரோமர் காலங்களில் மிகுந்தது. கடந்த 1000 ஆண்டுகளில் ஈயம் மும்மடங்காயிற்று.

நஞ்சை அடக்கிவைத்த புல்லுக்கும் எல்லையுண்டு. செம்பு அளவு மீறின் இலையின் ஒளித்தொகுப்புக் குன்றும். புற்படுகை அழிந்து அரிக்கப்படின், அடியிற் புதைந்த ஈயமும் ஆசனிக்கும் மீண்டும் கடல்நீரிற் கலக்கக்கூடும். ஆதலின் இப்புல்லைக் காப்பது, முன்னோர் பிழையைப் பின்னோர் சுமவாதிருக்க வழியாகும்.