எட்டு வயது வாத்தியார்

என் தங்கை திருவொற்றியூரில் இருக்கிறாள். அவளுடைய பெண் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமன்மார் எல்லாரும் கேட்கிற கேள்வியையே நானும் கேட்டு வைத்தேன்: "என்னம்மா, ஸ்கூல்ல இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?"

"நான் ஒண்ணும் கத்துக்கலை மாமா. நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றாள் அந்தப் பொடிசு.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கழித்தல் கணக்கில் கடன் வாங்குவது அவளுக்கு வந்துவிட்டதாம். பக்கத்தில் உட்காரும் பையனுக்கு வரவில்லையாம். "நீயே அவனுக்குச் சொல்லிக் குடு" என்று டீச்சர் விட்டுவிட்டாராம். "அவன் கடன் வாங்கிடறான் மாமா. ஆனா வாங்கின இடத்துல குறைக்க மறந்துடறான்" என்று, முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட உபாத்தியாயரைப் போல் அலுத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, எட்டு வயதில் வாத்தியாரான இன்னொரு குழந்தையின் ஞாபகமும் வந்தது. அவன் பெயர் ஜான் ஃபிரிஸ்கென். அவன் பாடம் சொல்லிக் கொடுத்தது இதே சென்னையில், எழும்பூரில். இருநூறு வருஷங்களுக்கு முன்னால்.

டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்துக்காரர். 1787-ல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். 1789-ல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்காக ஓர் அநாதை இல்லம் தொடங்கியபோது அதன் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டார். கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தகப்பன் வெள்ளைக்காரன், தாய் பெரும்பாலும் நம் ஊர்க்காரி. எப்படி அதட்டினாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி ஏறவில்லை.

ஒரு நாள் காலையில் பெல் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பரப்பி வைத்த மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் இல்லை, மசி இல்லை, செலவு இல்லை. தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மறுபடி புதுசு. பார்த்தாரோ இல்லையோ, பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு இல்லத்துக்கு ஓடிவந்தார். "நாளை முதல் மணலில் எழுதச் சொல்லுங்கள்" என்றார். வாத்தியார்களோ, "இதெல்லாம் நடக்காது" என்று கையை விரித்துவிட்டார்கள். பெரியவர்கள் செய்யமாட்டேன் என்றால் சின்னவன் செய்யட்டும் என்று, ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனான ஃபிரிஸ்கெனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையனுக்கு எட்டு வயது. பெரியவர்களால் ஆகாத காரியம் அவனால் ஆயிற்று. பிறகு வகுப்புக்கு ஒரு குட்டி வாத்தியாராகப் பள்ளிக்கூடம் முழுவதையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார் பெல்.

மணலை நம்மிடம் எடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மட்டும் தம் சொந்த யோசனை என்றார். எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பியெத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலிய யாத்ரிகர் 1623-லேயே கன்னட தேசத்தில் இக்கேரிப் பக்கம் ஒரு காட்சியைக் கண்டு எழுதியிருக்கிறார். கோயில் வாசலில் நாலு பையன்கள் மணலைத் தூவி, ராகம் போட்டுப் பாடிக்கொண்டே கணக்கு எழுதினார்கள். பக்கத்தில் வாத்தியாரே இல்லை. "சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்?" என்று அவர் கேட்டாராம். நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் சந்தேகம் வராது என்று பதில் வந்ததாம்!

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இந்தக் காரியத்துக்கு ஒரு பட்டமே இருந்தது: சட்டாம்பிள்ளை. வாத்தியார் சாப்பிடப் போனால் பள்ளிக்கூடம் சட்டாம்பிள்ளையின் ராஜ்யம். சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் முறை வைப்பார்கள். ஒருவன் முதலில் சொல்ல, மற்றவர்கள் கூடவே கத்துவார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை, மணலை விட்டு ஓலைக்கு வந்து, எண்சுவடி மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். அது இன்றைய வாய்ப்பாடு போல இலேசான சங்கதி அல்ல. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. கடைக் கணக்குக்கும் களத்துமேட்டு அளவுக்கும் இது இல்லாமல் முடியாது.

இப்படி எத்தனை பள்ளிக்கூடங்கள் இருந்தன? கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் ஜில்லா கலெக்டர்களை எல்லாம் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் கூட்டிப் பார்த்தபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள்; 1,88,650 மாணவர்கள். ஆனால் இந்தத் தொகையில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். பழம்பெருமை பேசுகிறவர்கள் முதல் எண்ணைச் சொல்லிவிட்டுக் கடைசி எண்ணை விழுங்கிவிடுவார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம்.

பெல் 1796-ல் ஊர் திரும்பினார். மறு வருஷம் எழும்பூர் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மதராஸ் முறை' என்று பெயர் விழுந்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே மாதிரி பள்ளி நடத்தி, "இது என் முறை" என்று போட்டிக்கு வந்தார். 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் பெல்லின் முறைப்படி பள்ளிகள் திறக்க ஒரு சங்கமே ஏற்படுத்தினார்கள். கானடா வரைக்கும் 'மதராஸ்' பள்ளிகள் போயின. பெல் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே ஒரு பள்ளி நடக்கிறது. 1832-ல் காலமான பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மணலில் எழுதிய நம் பிள்ளைகளின் கௌரவம் அவ்வளவு தூரம் போயிற்று!

இதைப் படித்த அன்று எனக்கும் மார்பு விம்மத்தான் செய்தது. மேலே படிக்கப் படிக்க அது தணிந்தது. இந்த முறையை அங்கே பலர் கொண்டாடியது பிள்ளைகள் மேலுள்ள ஆசையினால் மட்டுமல்ல; மலிவு என்பதினாலும்தான். ஒரே வாத்தியாரை வைத்துக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளைக்கூடப் படிக்க வைக்கலாம் என்றார் லங்காஸ்டர். ஏழைப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பதில்லை என்று பெல்லே எழுதினார். மணலில் எழுதிய ஏழைப் பிள்ளைகளிடம் படித்த பாடத்துக்கு அவர் தந்த குருதட்சணை அது!

என்ன செய்தார்கள் என்று பிறரைச் சொல்வானேன்? என் கதையைச் சொல்கிறேன்.

1988-ல் ராயபுரத்தில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒரு நீள ஹால். இந்தப் பக்கம் மூன்றாவது, அந்தப் பக்கம் ஐந்தாவது. இரண்டுக்கும் ஒரே டீச்சர். இன்னொரு டீச்சர் வருவார் வருவார் என்று அந்த வருஷம் முழுவதும் சொன்னார்கள். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. டீச்சருக்கும் என்னைக் கவனிக்க நேரம் இல்லை. ஐந்தாவதிலிருந்து ஒரு அக்காவைக் கூப்பிட்டு என்னைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த அக்காவின் அம்மா காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர். காம்பவுண்டுச் சுவர் கட்ட லாரியில் கொட்டியிருந்த மணல்தான் எங்கள் சிலேட்டு. ராயபுரம் கடற்கரையில் மணல் ஏது? துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் மெரினாவில் சேர்ந்தது. எங்கள் கரையைக் கடல் அரித்தது. எங்களுக்கு மிஞ்சியது கருங்கல்.

"டேய் தம்பி, ஏழெட்டு எத்தினி?"

"ஐம்பத்தி நாலுக்கா..."

"அய்ய! இன்னாடா நீ? ஒரு கூறுக்கு ஏழு மீனு. எட்டு கூறு வச்சா எத்தினி? எண்ணு."

கூழாங்கற்களை ஏழேழாக எட்டுக் கூறு வைத்தாள். எண்ணினேன். ஐம்பத்தாறு. அன்றிலிருந்து இன்றுவரை அது மறக்கவில்லை. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அவளுக்கு அந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அதே இடத்தில் தடுக்கி விழுந்திருப்பாள். அதனால்தான் நான் எங்கே விழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த ஜூன் மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஐந்தாவதோடு சரி. ஒரு வருஷம் கழித்துக் காசிமேட்டில், இறால் உரிக்கிற பெண்களுக்கு நடுவே பார்த்தேன். தூரத்திலிருந்தே, "ஏழெட்டு எத்தினிடா?" என்று குரல் கொடுத்தாள். பதில் சொன்னேன். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்த மணி நேரங்களில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷங்கள் ஆயின.

திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்தில் பாணினி இலக்கணம் கற்பிக்க மண்டபமும் மானியமும் இருந்தன. அவற்றைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். வாய்ப்பாடு கற்பித்த பிள்ளைகளின் பெயரை யார் வெட்டி வைத்தார்கள்?

மதராஸ் முறை வேறு உருவத்தில் மதராசுக்கே திரும்பி வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்து ரிஷிவேலியில் கண்ட முறை அது. பெஞ்சு போயிற்று, பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள், எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வைத்தார்கள். ஒரு குழுவுக்கு டீச்சர் உதவி. இன்னொரு குழுவுக்குச் சக மாணவர் உதவி. 2007-ல் அது தமிழ்நாடு முழுவதும் போயிற்று. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. மலர் மொட்டுக்குச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லிக் கொடுக்கிற பிள்ளைதான் பாடத்தை முழுக்கக் கற்றுக்கொள்கிறது. பெல் கண்டது பொய்யல்ல. அதைச் சாக்காக வைத்து ஒரு வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறபோதுதான் அது பொய்யாகிறது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மறுபடி மருமகளைக் கேட்டேன்: "அந்தப் பையனுக்குக் கணக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா. இப்ப அவன் இன்னொருத்தனுக்குச் சொல்லித் தர்றான்."

"டீச்சர் அப்ப எங்கே இருந்தாங்க?"

இது என்ன கேள்வி என்பது போல் என்னைப் பார்த்தாள். "எங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க" என்றாள்.

எனக்கு அது போதும். நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.