அரிய விசைப்பலகையின் விலையும் மதிப்பும்

ஐபிஎம் நிறுவனத்துக்காக லெக்ஸ்மார்க் தயாரித்து 1994இல் வெளிவந்த எம்15 என்னும் விசைப்பலகை, இன்று பழங்கணினிப் பொருள்களைச் சேகரிப்போரிடையே ஆயிரம் டாலருக்கும் மேல் விலைபோகிறது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘நேச்சுரல்’ விசைப்பலகையை அவ்வளவு விலை கொடுத்துத் தேடுவோர் அரிது. இரண்டும் தட்டச்சு செய்வோரின் கைவலி என்ற ஒரே சிக்கலுக்கு விடை தேடியவை. ஒன்று பலர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது; மற்றொன்று சேரவில்லை. சேராததற்கே இன்று விலை அதிகம். பொருள்சார் வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் இந்த முரணைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இப்பதிவு.

முதலில் வடிவத்தின் கதை. 19ஆம் நூற்றாண்டின் தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு நெம்புகோல் இருந்தது. நெம்புகோல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க விசை வரிசைகள் சற்றே விலகி அமைந்தன. கணினியில் நெம்புகோல் இல்லை. விலகல் மட்டும் எஞ்சியது. ஒலி வழக்கிழந்த பின்னும் எழுத்துக்கூட்டலில் நிலைத்துவிடும் எழுத்தைப் போன்றது இது. இந்த நேர்வரிசைப் பலகையின் முன் அமரும் உடல் இரண்டு வளைவுகளை ஏற்க வேண்டியிருக்கிறது: உள்ளங்கை தரையை நோக்குமாறு முன்கையைத் திருப்ப வேண்டும், மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மடிக்க வேண்டும்.

இக்குறையை முதலில் கண்டவர்கள் கணினிக் காலத்தவர் அல்லர். ஜெர்மனியைச் சேர்ந்த கிளோக்கன்பெர்க் 1926இலேயே விசைப்பலகையை இரு பாதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதினார். குரோமர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்துச் சாய்த்த பலகையை வழக்கமான பலகையோடு ஒப்பிட்டுச் சோதித்தார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் விரல்களின் நீளத்துக்கேற்பக் குழிந்த ‘மால்ட்ரான்’ பலகையை உருவாக்கினர். ஆகவே தீர்வு பற்றிய அறிவு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கைவசம் இருந்தது. பெருநிறுவனங்கள் 1990களில்தான் அதன் பக்கம் திரும்பின.

இடையில் நிகழ்ந்தது அலுவலகங்களின் கணினிமயம். ஆஸ்திரேலியாவில் 1980களின் முற்பாதியில் ஆர்.எஸ்.ஐ. எனப்பட்ட கைவலி பெருமளவில் பதிவாயிற்று. டெலிகாம் ஆஸ்திரேலியாவில் மட்டும் 1981 முதல் 1985 வரை ஏறத்தாழ 4000 முறையீடுகள். அமெரிக்காவில் விசைப்பலகைத் தயாரிப்பாளர்கள்மீது வழக்குகள் குவிந்தன. இச்சூழலில்தான் 1993இல் நடுவில் 30 பாகை வரை விரியும் பலகையை ஆப்பிள் 219 டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் தத்தம் பலகைகளைக் கொணர்ந்தன. புரூக்ளினில் 1996 டிசம்பரில் ஒரு செயலருக்கு ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க ஜூரி தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நீதிபதி அதை ஒதுக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டார்.

எம்15 இவற்றுள் மிகத் துணிந்த வடிவம். ஐபிஎம்மின் புகழ்பெற்ற ‘மாடல் எம்’ பலகையில் உள்ள, அழுத்தும்போது வளைந்து ஒலியெழுப்பும் சுருள்வில்லே இதிலும் உண்டு. நடுவே பந்துமூட்டு; அதைக் கொண்டு இரு பாதிகளையும் விரிக்கலாம், கூடாரம்போல உயர்த்தலாம், முற்றிலும் கழற்றியும் வைக்கலாம். ஆனால் லெக்ஸ்மார்க் 1996இல் விசைப்பலகைத் தயாரிப்பையே கைவிட்டது. மலிவான ரப்பர்க் குமிழ்ப் பலகைகள் சந்தையை நிரப்பின. கணினி வாங்கும் முடிவை எடுப்பவர் ஒருவர், நாள் முழுதும் தட்டுபவர் வேறொருவர் என்ற அலுவலக நடைமுறையில், விலையுயர்ந்த பலகைக்குக் கேட்பார் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. எம்15இன் அருமை அந்தத் தோல்வியின் எச்சம்.

சேகரிப்பாளர் இதை மதிப்பிடும் முறை தெளிவானது. பின்புறச் சீட்டில் பகுதி எண்ணும் தயாரிப்பு நாளும் உள்ளனவா, மூட்டு இறுகப் பிடிக்கிறதா, இரு பாதிகளும் ஒரே பலகைக்குரியவையா, எல்லா விசைகளும் இயங்குகின்றனவா என்று பார்ப்பார். பெட்டி பிரிக்காதது என்றால் விலை உச்சம். பயன்பாட்டின் தடம் எதுவாயினும் விலை குறையும்.

வரலாற்றாய்வாளருக்கோ அந்தத் தடமே சான்று. மாடல் எம் வகை விசைமூடிகளில் எழுத்துகள் பிளாஸ்டிக்கினுள் சாயமாக ஊறியிருப்பதால் எளிதில் அழிவதில்லை; ஆனால் சொரசொரப்பான மேற்பரப்பு விரல்பட்டு மழமழப்பாகும். எந்த விசை மிகுதியாகத் தேய்ந்தது, இடைவெளிப் பட்டையை எந்தக் கட்டைவிரல் தட்டியது என்பவற்றை அதில் படிக்கலாம். பெயர் பதிவாகாத ஒரு பணியாளரின் உழைப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே ஆவணமாகக்கூட அது இருக்கலாம். பழுப்பேறிய உறையை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்து, மூடிகளைப் புதியனவாக மாற்றும் ‘மீட்பு’, சந்தை மதிப்பைக் கூட்டி ஆவண மதிப்பை அழிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சந்தை புறக்கணித்த அருமருந்தாக இப்பலகைகளைக் கொண்டாடுவதும் வரலாறு ஆகாது. டெலிகாம் ஆஸ்திரேலியாவில், விசைகளை மிகுதியாகத் தட்டிய தந்திப் பணியாளர்களைவிடத் தொலைபேசி இணைப்புப் பணியாளர்களிடமே பாதிப்பு அதிகம் பதிவாயிற்று. பணியின் வேகம், கண்காணிப்பு, ஓய்வு ஆகியவையும் கைவலியின் காரணங்களுள் அடங்கும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. மாற்று விசைப்பலகைகள் காயத்தைத் தடுக்கின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 1997இல் அறிவித்தது. ஆக, எம்15 முடிவு காணப்படாத ஒரு வழக்கின் சாட்சி. உழைப்பவரின் உடலுக்கு ஏற்ப வேலையை மாற்றுவதா, கருவியை மட்டும் மாற்றுவதா என்பதே அந்த வழக்கு.

இந்த நோக்கில் பார்த்தால், எவரும் தேடாத மைக்ரோசாஃப்ட் பலகையும் முதன்மையான ஆவணமே. அதுதான் பெருந்தொகையினரின் கைகளில் இருந்தது. அதன் தேய்மானம் சொல்லும் செய்தி, பெட்டி பிரிக்காத எம்15இல் கிடைக்காது.

நம் பல்கலைக்கழக அலுவலகங்களும் நூலகங்களும் ஆண்டுதோறும் பழைய கணினிப் பொருள்களைக் கழித்து எடைக்கு விற்கின்றன. தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் அவை உலோகத்துக்காகப் பிரித்தெடுக்கப்படுகின்றன. உங்கள் துறையில் அத்தகைய கழிவுப் பட்டியல் தயாராகும்போது, ஒவ்வொரு விசைப்பலகையின் பின்புறச் சீட்டையும் தேய்ந்த விசைகளையும் படமெடுத்து, எந்த மேசையில் எந்தப் பணிக்கு எத்தனை ஆண்டுகள் இருந்தது என்று அதைப் பயன்படுத்தியவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். கை வலித்ததா என்றும் கேளுங்கள்.