பெயரொப்புமையும் குடிவழித் தேடலும்: சாந்த்ராகாச்சியை முன்வைத்து

1. முன்னுரை

பழைய ஆவணங்களைக் கொண்டு ஒரு குடும்பத்தின் குடிவழியைக் காண முற்படுவோர் முதலில் பற்றிக்கொள்ளும் சான்று பெயர். ஒரே பெயர் இரண்டிடத்துக் காணப்படின் உறவு உண்டு எனவும், வேறுபடின் உறவு இல்லை எனவும் கொள்வர். இவ்விரு கருத்துகளும் மொழியியல் நோக்கில் அப்படியே ஏற்கத்தக்கன அல்ல என்பதை வங்காளி, தமிழ்ப் பெயர்வழக்குகளை ஒப்பிட்டுக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஊர்ப்பெயர் தரும் சான்று

சாந்த்ராகாச்சி, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா மாவட்டத்தில் அமைந்த இருப்புப்பாதைச் சந்திப்பு. 1887இல் நிறுவப்பெற்ற வங்காள நாக்பூர் இருப்புப்பாதைக் குழுமத்தின் தடம் 1900இல் ஹவுராவை அடைந்தது. தென்னகத்திலிருந்து வங்கத்திற்கு வேலை தேடி வந்தோர்க்கு இத்தடமே வாயிலாயிற்று. கரக்பூரில் இன்றும் தெலுங்கு பேசுவோர் மிகுந்திருத்தல் இதன் விளைவு.

இவ்வூர்ப் பெயரின் முதலுயிர் வங்காளியில் மூக்கொலி பெற்ற உயிர். அதனையடுத்து மெல்லின மெய் இல்லை. உரோமன் எழுத்தில் அம்மூக்கொலியைக் காட்ட ‘ன்’ ஒலிக்குரிய எழுத்து இடப்பட்டது. அதனைப் பார்த்து எழுதிய தமிழ் வடிவில் அஃது ‘ந்’ என்னும் மெய்யாகவே நிலைபெற்றது. வங்காளியரின் வாயில் முதலெழுத்து ‘ஷ’கரமாக ஒலிப்பதும் இவ்வடிவில் மறைந்தது. ஊர்ப்பெயர்க்கு நேரும் இத்திரிபு ஆட்பெயர்க்கும் நேரும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பெயரின் முற்பகுதி ‘சாந்த்ரா’ என்னும் வங்காளிக் குடிப்பெயரோடு ஒத்துள்ளது. இவ்வொப்புமை கொண்டு அக்குடிப்பெயருடையோர் அனைவரும் இவ்வூரினர் எனக் கூறுதல் இயலாது.

3. கணக்கெடுப்பு ஆவணங்களின் இயல்பு

வங்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1872இல் நிகழ்ந்தது. நாடு முழுவதும் ஒரே காலத்தில் எடுக்கப்பெற்ற முதற் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டினது. இவற்றின் அறிக்கைகளில் மொழி, சமயம், சாதி, தொழில் ஆகியவற்றின் தொகைகள் உள; தனிமனிதர் பெயர்கள் இல. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனியாள் பதிவுகளைப் பிறர் பார்வையிடுவதையும் சான்றாகக் கொள்வதையும் தடுக்கிறது. இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்தபின் பெயர்ப் பதிவுகள் வெளியிடப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் பதிவு 2022இல் வெளிவந்தது. இந்தியக் குடும்பத்தார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே வாக்காளர் பட்டியல், நிலப் பதிவேடு, கப்பற் பயணியர் பட்டியல் ஆகியனவே பெயர் தாங்கிய ஆவணங்களாக எஞ்சுகின்றன.

4. இருவகைப் பெயர்வழக்கு

வங்காளியில் குடிப்பெயர் வழிவழியாக வருவது. ஆயினும் அதன் வடிவம் ஒன்றன்று. முகோபாத்யாய், முகுஜ்யே, முகர்ஜி என்பன ஒரு பெயரின் மூவடிவங்கள். தந்தை முதல் வடிவையும் மகன் மூன்றாம் வடிவையும் எழுதுதல் இயல்பு. இங்கு வடிவம் வேறு, குடும்பம் ஒன்று.

தமிழில் நிலை வேறு. தலைப்பெழுத்து தந்தை பெயரைக் குறிப்பதால் தலைமுறைதோறும் மாறும். அதனோடு பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கமும் உண்டு. ‘பெயரன்’ என்னும் உறவுச்சொல்லே பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருள் தருவது. இவ்விரண்டும் சேரும்போது விளைவது நோக்கத்தக்கது. மு. கந்தசாமி என்பவரின் மகன் க. முத்துசாமி, அவர் மகன் மீண்டும் மு. கந்தசாமி. பாட்டனும் பெயரனும் ஆவணத்தில் ஒருவராகவே தோன்றுவர். இடைநின்ற மகனோ இருவர்க்கும் தொடர்பற்றவர்போல் காணப்படுவார். குடிப்பெயருக்கென ஒரு கட்டம் உள்ள படிவத்தில் தந்தை பெயரை நிரப்பினால், மூன்று தலைமுறையும் இரு வேறு குடும்பங்களாகப் பிரிந்துவிடும்.

5. கடல்கடந்த பெயர்கள்

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். அவர்தம் கப்பற் பட்டியல்களில் வரிசை எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன பதியப்பெற்றன. பின்னர் முதலி ‘மூட்லி’ எனவும், பிள்ளை ‘பிள்ளே’ எனவும், கவுண்டர் ‘கவெண்டர்’ எனவும் குடிப்பெயர்களாக நிலைபெற்றன. சில குடும்பங்களில் முதல்வராகச் சென்றவரின் இயற்பெயரே குடிப்பெயராயிற்று. இன்று மூட்லி எனப்படும் இருவர் உறவினராதல் வேண்டும் என்பதில்லை. இங்கு வடிவம் ஒன்று, குடும்பம் வேறு. உறவை உறுதிசெய்வன தந்தை பெயரும் ஊரும் வரிசை எண்ணுமே.

6. எழுத்துப்பெயர்ப்பின் பொறுப்பு

இது குடிவழி ஆர்வலர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. அசாமில் 1951ஆம் ஆண்டுக் குடிமக்கள் பதிவேட்டிலோ 1971 மார்ச் 24 வரையிலான வாக்காளர் பட்டியல் முதலிய ஆவணங்களிலோ உள்ள முன்னோரோடு தம்மை இணைத்துக் காட்டுமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். 2019 ஆகஸ்டு 31இல் வெளியான பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. பெயரின் எழுத்து வேறுபாடு பலர்க்கு இடராயிற்று. 2025 நவம்பரில் மேற்கு வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்திலும் பழைய பட்டியலோடு இணைப்புக் காட்டுதல் வேண்டப்பட்டது. மேற்கு வங்கத்திற்கு 2002ஆம் ஆண்டுப் பட்டியல் அடிப்படையாயிற்று. சாந்த்ராகாச்சியில் வாழும் முகர்ஜி ஒருவர்க்கும் தமிழர் ஒருவர்க்கும் இங்கு எழும் இடர் வெவ்வேறானது. முன்னவர் இரு வடிவங்கள் ஒன்றென நிறுவ வேண்டும். பின்னவர் தம் பெயரில் குடிப்பெயரே இல்லை என விளக்க வேண்டும்.

7. முடிவுரை

பெயர் ஒரு சொல்லன்று. இயற்பெயர், தந்தை பெயர், ஊர், பட்டம் ஆகிய உறுப்புகளின் தொடர். எவ்வுறுப்பு வழிவழி வருவது, எது தலைமுறைதோறும் மாறுவது என்பது மொழிதோறும் வேறுபடும். ஆதலின் பெயரை எழுத்துப்பெயர்ப்போர் உறுப்புகளுள் ஒன்றைக் குடிப்பெயராகத் தாமே தெரிந்தெடுத்தல் தகாது. எல்லா உறுப்புகளையும் மூல எழுத்து வடிவோடு சேர்த்துத் தருதல் வேண்டும். எழுத்துப்பெயர்ப்பில் விடப்பட்ட ஓரெழுத்து, இரு தலைமுறை கழித்து ஒருவரின் குடியுரிமையையே ஐயத்திற்கு உரியதாக்கக்கூடும்.