பணிவு

‘பணி’ என்ற வினைக்குக் குனிதல், வணங்குதல், அடங்குதல் என்றெல்லாம் பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘பணிவு’. விந்தை என்னவென்றால், இதே வேர் கட்டளைக்கும் பயன்படுகிறது. பணிந்தான் என்றால் தான் தாழ்ந்தான். பணித்தான் என்றால் பிறருக்கு ஆணையிட்டான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டின் முடிவைப் பாருங்கள்: சபைப் பெருமக்கள் ‘பணிக்க’ எழுதினேன் என்கிறான் எழுதியவன். ஏவிய வேலையும் பணியானது. அரசுப் பணி, பணிமனை, கோயில் திருப்பணி எல்லாம் அந்த வழியில் வந்தவை.

வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. பெரியவரைப் பணிந்தார் என்றால் மரியாதை. மிரட்டலுக்குப் பணிந்தார் என்றால் தோல்வி. இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் இடையில் இத்தனை தூரம்! ‘அடிபணிதல்’ இன்று பெரும்பாலும் இழிவாகவே ஒலிக்கிறது. பக்தி நூல்களிலோ அது உயர்ந்த சொல். ஆனால் ‘பணிவு’ என்னும் பெயர்ச்சொல்லுக்குக் கறை படியவில்லை. அச்சத்தால் வளைபவரைப் பணிவானவர் என்று யாரும் சொல்வதில்லை. வள்ளுவரும் அதை எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு, செல்வருக்குத்தான் தனிச் செல்வம் என்கிறார்.

விடுப்பு விண்ணப்பங்களில் ‘பனிவுடன்’ என்று எழுதுவோர் உண்டு. அது குளிரில் நடுங்குவது. மூன்று சுழி ‘ண’ போட்டால்தான் வணக்கம்.